சொல்லைத் திருத்திய படங்கள்

வகுப்பறையில் ஒரு மாணவனை மற்றொரு மாணவன் பட்டப்பெயர் சொல்லி அழைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அழைக்கப்பட்டவன் கண் கலங்க நம்மிடம் வருகிறான். “என் பெயர் அதுவன்று, ஐயா” என்கிறான். ஆசிரியராயிருக்கும் நாம் என்ன செய்கிறோம்? வருகைப் பதிவேட்டைத் திறக்கிறோம், அவன் பெயரை உரக்கப் படிக்கிறோம், “இதுதான் இவன் பெயர், இனி இப்படித்தான் அழைக்க வேண்டும்” என்கிறோம். வழக்கு அத்துடன் முடிகிறது. ஆனால், அந்தப் பதிவேட்டிலேயே பட்டப்பெயர் எழுதப்பட்டிருந்தால்? எழுதியவர் கற்றவராகவே இருந்தால்? அந்தப் பெயரையே காரணங்காட்டி, அவனைப் பள்ளியிலிருந்தும் ஊரிலிருந்தும் உலகிலிருந்துமே அகற்றத் துணிந்தால்? கண் கலங்கி நிற்கும் அச்சிறுவன் யாரிடம் போவான்?

இது கற்பனைக் கேள்வியன்று. ஜெர்மன் நாட்டில் ஓர் இனத்தின் வாழ்விலே நடந்த உண்மை. அவ்வுண்மையைப் படமாக்கிய இருவரைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம். ஒருவர் காத்ரின் சைபோல்ட். தம் சொந்தப் பட நிறுவனத்தின் வழியே ஆவணப் படங்கள் எடுத்த ஜெர்மன் பெண்மணி. மற்றவர் மெலானி ஸ்பிட்டா. ரோமா மக்களின் ஒரு கிளையான சின்டி இனத்தில் பிறந்தவர். 1980-க்கும் 1987-க்கும் இடையில் இருவரும் சேர்ந்து நான்கு படங்கள் எடுத்தனர். ‘ஜிப்சி’களைக் காட்டும் படங்களுக்கு உலகில் பஞ்சமில்லை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை அம்மக்களைக் காட்டின, பேசவிடவில்லை. இந்த நான்கு படங்களோ பேசும் உரிமையை உரியவரிடம் ஒப்படைத்தன. இவற்றின் பெருமை அதில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து. இவற்றில் குறை இல்லாமலும் இல்லை. இரண்டையும் எடைபோடுவோம்.

முதலில், யார் இந்த மக்கள்? ஐரோப்பாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட ரோமா மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் மொழி இந்தியாவில் பிறந்தது என்பதை 1782-ஆம் ஆண்டிலேயே ரூடிகர் என்னும் ஜெர்மன் அறிஞர் எடுத்துக்காட்டினார். அம்மொழியில் நீர் ‘பானி’, மூக்கு ‘நாக்’, மனிதன் ‘மனுஷ்’. வடஇந்திய மொழிகளின் உறவு அதில் வெளிப்படையாகத் தெரிகிறது. அவர்கள் ஜெர்மன் மண்ணில் இருந்ததற்கு 1407-ஆம் ஆண்டிலேயே ஏட்டுச் சான்று உண்டு. ஆறு நூற்றாண்டு ஒரே நாட்டில் வாழ்ந்த மக்களை எவரேனும் வந்தேறிகள் என்பரோ? என்றனர். 1498-இல் ஃப்ரைபர்க் நகரில் கூடிய பேரரசின் மன்றம் அவர்களைச் சட்டத்தின் காப்புக்குப் புறம்பானவர் என்று அறிவித்தது. யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், கொல்லலாம், கேட்பார் இல்லை.

அவர்கள் தம்மை ரோமா என்றும் சின்டி என்றும் சொல்லிக்கொள்கின்றனர். பிறர் இட்ட பெயர் வேறு. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தவறாகக் கருதிய ஆங்கிலேயர் ‘ஜிப்சி’ என்றனர். ஜெர்மானியர் ‘சிகொய்னர்’ என்றனர். இந்தச் ‘சிகொய்னர்’ எங்கிருந்து வந்தது? ‘அதிங்கனோய்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பதே அறிஞர் பலரின் முடிவு. அதன் பொருள் என்ன தெரியுமா? தீண்டப்படாதவர்! இச்சொல்லின் கனம் எத்தகையது என்பதைத் தமிழ்நாட்டவராகிய நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, சைபோல்டும் ஸ்பிட்டாவும் தம் முதற் படத்திற்கு இட்ட பெயரைப் பாருங்கள். ‘எங்களைச் சிகொய்னர் என்று வையாதீர்கள்’ என்பது அது, ஆண்டு 1980. அடுத்த ஆண்டில் வந்த படத்தின் பெயர், ‘நாங்கள் சின்டிக் குழந்தைகள், சிகொய்னர் அல்லர்’ என்பது. ஒரு மறுப்பு; ஓர் அறிவிப்பு. இரண்டிலும் பேசுவோர் யார்? ‘எங்களை’, ‘நாங்கள்’. ஜெர்மன் மொழியில் ‘நாம்’ என்பதற்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் ஒரே சொல்தான். தமிழில் இரண்டு உண்டு. கேட்பவரையும் தம்மோடு சேர்த்துக்கொள்வது ‘நாம்’. கேட்பவரை எதிரே நிறுத்திப் பேசுவது ‘நாங்கள்’. இத்தலைப்புகளைத் தமிழாக்கும் எவரும் ‘நாங்கள்’ என்றே எழுதியாக வேண்டும். ஏனெனில் எதிரே இருப்பவர், வைதுகொண்டிருக்கும் ஊரார். அவர்களைப் பார்த்துத்தான் இப்படங்கள் பேசுகின்றன.

1980-ஆம் ஆண்டுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அவ்வாண்டு ஏப்ரல் 4-ஆம் நாள், டாக்கௌ வதைமுகாம் இருந்த இடத்தில் சின்டி மக்கள் சிலர் உண்ணாநோன்பு தொடங்கினர். முகாமிலிருந்து உயிரோடு மீண்ட முதியோரும் அவருள் இருந்தனர். தம் இனத்துக்கு இழைத்த கொடுமையை அரசு ஒப்ப வேண்டும். தம்மைப் பற்றிக் காவல்துறை வைத்திருந்த பதிவேடுகள் என்னவாயின என்பதைச் சொல்ல வேண்டும். இவை அவர்தம் கோரிக்கைகள். போர் முடிந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியும் கேட்க வேண்டியிருந்த கேள்விகள்! அந்த எழுச்சியின் தோள்மீது நின்றே நம் படங்களும் எழுந்தன. கலை வேறு, கிளர்ச்சி வேறு என்போர் இவ்வரலாற்றைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும்.

பதிவேடு என்றோம். அது என்ன பதிவேடு? மூனிச் நகரக் காவல்துறை 1899-ஆம் ஆண்டிலேயே ‘சிகொய்னர்’களைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் அமைத்தது. 1905-இல் அதன் தலைவர் ஆல்ஃபிரட் டில்மன், மூவாயிரத்துக்கு மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்து நூலாகவே அச்சிட்டார். குற்றம் செய்தவரின் பட்டியலன்று, பிறந்தவரின் பட்டியல். இட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஏடு ஆயத்தமாக இருந்தது. அதை விரிக்க ‘அறிஞர்’ ஒருவர் தேவைப்பட்டார். ராபர்ட் ரிட்டர் என்னும் மருத்துவர் கிடைத்தார்.

1936 முதல் பெர்லினில் இன ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நடத்தினார் ரிட்டர். அவருடைய குழுவினர் முகாம்களுக்கும் சின்டி மக்களின் வீடுகளுக்கும் சென்றனர். தலையை அளந்தனர், கண்ணின் நிறத்தைக் குறித்தனர், இரத்தம் எடுத்தனர், ஒளிப்படம் பிடித்தனர், பாட்டன் யார், பாட்டி யார் என்று கேட்டுக் குலக்கொடி வரைந்தனர். ஏறத்தாழ 24,000 பேருக்கு ‘முழுச் சிகொய்னர்’, ‘கலப்புச் சிகொய்னர்’ என்று முத்திரை குத்திச் சான்று எழுதினர். அந்தச் சான்றே பின்னர் சாவுச் சீட்டாயிற்று. 1942 டிசம்பர் 16-இல் ஹிம்லர் ஆணை பிறப்பித்தார். 1943 முதல் ஏறத்தாழ 23,000 சின்டி, ரோமா மக்கள் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் தனிப் பகுதியில் அடைக்கப்பட்டனர். 1944 ஆகஸ்ட் 2-ஆம் நாள் இரவு, அங்கு எஞ்சியிருந்த நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் நச்சுவளிக் கூடங்களில் மாய்க்கப்பட்டனர். முதியோர், பெண்டிர், குழந்தைகள்!

ரிட்டரின் குழுவில் ஏவா யூஸ்டின் என்னும் பெண் இருந்தார். அவர் சின்டி மக்களின் மொழியைக் கற்றவர்; அம்மொழியிலேயே பேசினார்; பேசியதால் நம்பினர்; நம்பியதால் சொன்னார்கள்; சொன்னதெல்லாம் ஏட்டில் ஏறிற்று. தென் ஜெர்மனியில் முல்ஃபிங்கன் என்னும் ஊரில் ஒரு குழந்தைகள் இல்லம் இருந்தது. பெற்றோர் முகாமுக்கு அனுப்பப்பட்ட சின்டிக் குழந்தைகள் அங்குச் சேர்க்கப்பட்டனர். யூஸ்டின் தம் பட்ட ஆய்வுக்கு அக்குழந்தைகளையே பொருளாக்கிக்கொண்டார். நல்ல வளர்ப்பில் வளர்ந்தாலும் இக்குழந்தைகள் திருந்தார்; இவ்வினம் பெருகாதபடி கருத்தடை செய்ய வேண்டும் என்பதே அவர் கண்ட ‘முடிவு’. 1943-இல் அவருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. 1944 மே 9-ஆம் நாள், ஆய்வுக்கு இனித் தேவைப்படாத அக்குழந்தைகள் 39 பேர் ஆஷ்விட்சுக்கு ஏற்றி அனுப்பப்பட்டனர். உயிரோடு மீண்டோர் நால்வர்.

குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் தொழிலில் இருக்கும் நாம் இச்செய்தியைப் படித்துவிட்டு ஏட்டை மூட முடியவில்லை. கல்வி அறியாமையை ஒழிக்கும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கத்தான் வேண்டும். ஆனால், கற்றவர் கையில் இருந்த எழுதுகோல்தான் இங்கே கொலைக்கருவிக்கு முன்னோடியாயிற்று என்பதை எப்படி மறப்பது? எழுத்தறிந்தவர் எவர் பக்கம் நின்று எழுதுகிறார் என்பதைக் கேட்காத கல்வி, கல்வியாகாது.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் சைபோல்ட் எடுத்துக்கொண்ட பணியின் கடுமை விளங்கும். எழுதுகோலும் கருவியும் தாங்கி, இன்சொல் பேசி வந்த ஜெர்மானியரை நம்பி ஒரு முறை அழிந்த மக்கள், மற்றொரு ஜெர்மன் பெண் படக்கருவியோடு வந்தால் வாய் திறப்பரோ? அவர்களிற் பலர் தம் மொழியைப் பிறருக்குக் கற்றுக்கொடுப்பதையே இன்றும் விரும்புவதில்லை; காரணம், மொழி கற்றுவந்த யூஸ்டினின் நினைவு. நம்பிக்கை பிறக்க ஸ்பிட்டா தேவைப்பட்டார். அவர் 1946-இல் பெல்ஜியத்தில் பிறந்தவர். அவர் தாய் கொலைமுகாமிலிருந்து மீண்டவர். அவர் கேள்வி கேட்டபோது, கேள்வி கேட்டவரும் விடை சொன்னவரும் ஒரே துயரின் இரு கரையில் நின்றனர். 

1982-இல் வந்த மூன்றாம் படத்தின் பெயர், ‘இரவும் பகலும் நடந்தது, அன்புக் குழந்தாய்’ என்பது. ஆஷ்விட்சில் சின்டி மக்கள் பட்ட பாடே அதன் பொருள். தலைப்பைக் கவனியுங்கள். அரசுக்கோ அறமன்றத்துக்கோ அளித்த வாக்குமூலத்தின் நடையா அது? ஒரு முதியவர் தம் வீட்டுப் பிள்ளையிடம் பேசும் நடையன்றோ! உயிர் மீண்டவர்கள் பேசுகிறார்கள், ஸ்பிட்டா கேட்டுக்கொண்டிருக்கிறார். நாற்பதாண்டு அடைபட்டுக் கிடந்த சொற்கள் வெளிவருகின்றன. ஆய்வாளரிடம் அளக்கப்பட்டவர்கள், இங்கே தம் பிள்ளையிடம் பேசுகிறவர்களாக மாறுகிறார்கள். கருவி அதே கருவிதான். கருவிக்குப் பின்னே இருக்கும் உறவு மாறிவிட்டது. அந்த மாற்றத்தை உண்டாக்கியதே சைபோல்டின் திறமை. தாம் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் ஒதுங்கி நிற்பதும் ஓர் இயக்குநரின் கலையே.

நான்காவது படமே இவற்றுள் தலையாயது. ‘தவறான சொல்’ என்பது அதன் பெயர், 1987-இல் வந்தது. தவறான அந்தச் சொல் எது? இம்முறை ‘சிகொய்னர்’ அன்று. அதனினும் நயமாக ஒலிக்கும் ஒரு சொல். கொடுமைக்கு ஆளானோர்க்கு அரசு அளிக்கும் இழப்பீட்டை ஜெர்மானியர் ‘வீடர்குட்மாகுங்’ என்கின்றனர். ‘மீண்டும் நலமாக்குதல்’ என்பது அதன் நேர்ப்பொருள். மாண்ட பிள்ளையை மீண்டும் நலமாக்குவது எப்படி? கருவறுக்கப்பட்ட பெண்ணை மீண்டும் நலமாக்குவது எப்படி? அது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பெயரளவு நலமேனும் சின்டி மக்களுக்குக் கிட்டியதா? இதுவே படத்தின் கேள்வி.

விடை நெஞ்சைச் சுடுகிறது. 1940 மே மாதத்தில் ஏறத்தாழ 2,500 சின்டி, ரோமா மக்கள் போலந்துக்கு நாடு கடத்தப்பட்டனர். அதற்கு இழப்பீடு கேட்ட வழக்கில், 1956 ஜனவரி 7-ஆம் நாள் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கடத்தல் இனப் பகையால் செய்யப்பட்டதன்று. குற்றத் தடுப்பு நடவடிக்கையே என்றது தீர்ப்பு. அம்மக்கள் இயல்பிலேயே குற்றம் செய்யும் போக்கினர் என்னும் பழிச்சொல்லும் அதில் இடம்பெற்றது. இட்லர் மாண்டு பதினோராண்டு ஆன பின்னும் அவன் சொல் மாளவில்லை. கறுப்பு அங்கி அணிந்து அறமன்றத்தில் அமர்ந்திருந்தது! 1963-இல் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை ஓரளவு மாற்றிக்கொண்டது; 1938 முதல் நடந்தவற்றில் இனப் பகையும் கலந்திருக்கலாம் என்று ஒப்பியது. அதற்குள் முதியோர் பலர் மண்ணுக்குள் போய்விட்டனர்.

ரிட்டரும் யூஸ்டினும் என்னவாயினர்? தண்டனையா பெற்றனர்? ஃபிராங்க்ஃபர்ட் நகரில் நகராட்சி மருத்துவப் பணி பெற்றனர். ரிட்டர் 1951-இல் மாண்டார். யூஸ்டின் 1966-இல் மாண்டார். யூஸ்டின்மேல் தொடுக்கப்பட்ட விசாரணை 1960-இல் கைவிடப்பட்டது. அளந்தவர்களுக்கு ஊதியம், அளக்கப்பட்டவர்களுக்கு அலைச்சல். இழப்பீடு கேட்டு வந்தவர்களை ஆராய, பழைய ஏடுகளையும் பழைய காவல் அலுவலர்களின் கருத்துரையையுமே அலுவலகங்கள் நாடின. திருடனைக் கேட்டே திருட்டுக்குச் சான்று தேடிய கதை! பவேரியாவில் ‘நாடோடிகள்’ என்னும் புதுப்பெயரில் 1953-இல் ஒரு சட்டமே வந்தது. 1970 வரை அது நின்றது. கண்காணிப்பும் பதிவேடும் தொடர்ந்தன. பெயர் மட்டும் மாறிற்று.

அந்த ஆராய்ச்சி ஏடுகளில் ஒரு பகுதி டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் அறிவுச் செல்வம் போலப் பேணப்பட்டு வந்தது. 1981 செப்டம்பர் 1-ஆம் நாள், சின்டி மக்கள் சிலர் அங்கே நுழைந்து அமர்ந்தனர். எம் பெற்றோரைக் கொன்ற ஏடுகளை எங்கள் கண்முன் வையுங்கள் என்றனர். ஏடுகள் கோப்லென்ஸ் நகரிலுள்ள அரசு ஆவணக் களரிக்கு மாற்றப்பட்டன. ‘தவறான சொல்’ செய்வதும் அத்தகைய ஒரு மறியலே. அது ஏட்டையும் வாயையும் எதிரெதிரே வைக்கிறது. ஒருபுறம், அலுவலகம் எழுதிய தாள். மறுபுறம், அத்தாளில் எண்ணாக நின்றவர்கள் மனிதராக அமர்ந்து பேசும் பேச்சு. எழுதப்பட்டது உண்மை, பேசப்பட்டது ஐயத்துக்குரியது என்பதே நீதிமன்றங்களின் பழைய வழக்கம். இப்படம் அவ்வழக்கைத் தலைகீழாக்குகிறது. எழுதியவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறது. இன்னொருவர் எழுதிய இரங்கலுரையாக இல்லாமல், ஸ்பிட்டாவின் வழக்குரையாகவே படம் ஒலிக்கிறது.

இப்படங்களின் அருமை, வேறு படங்களோடு ஒப்பிட்டால் இன்னும் விளங்கும். லேனி ரீஃபென்ஸ்டால் என்னும் புகழ்பெற்ற இயக்குநர், இட்லர் ஆட்சியின் ஆதரவோடு ‘டீஃப்லாண்ட்’ என்னும் கதைப்படத்தை எடுத்தார். ஸ்பெயின் நாட்டு ஊர்மக்களாக நடிக்கக் கறுத்த முகங்கள் வேண்டும். எங்கே கிடைக்கும்? சால்ஸ்பர்க் அருகே மாக்ஸ்கிளான் முகாமிலும், பெர்லின் அருகே மார்ட்சான் முகாமிலும் அடைபட்டுக் கிடந்த ரோமா, சின்டி மக்களைக் கொண்டுவந்தனர். கூலி அவர்கள் கைக்கு வரவில்லை. படப்பிடிப்பு முடிந்தது, அவருட் பலர் பின்னர் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டனர். படம் 1954-இல் திரைக்கு வந்தது. மாண்டவர் முகங்கள் திரையில் சிரித்தன! 1982-இல் நீனா கிளாடிட்ஸ் என்னும் ஆவணப்பட இயக்குநர் இவ்வுண்மையை ஒரு படத்தில் எடுத்துரைத்தார். ரீஃபென்ஸ்டால் வழக்குத் தொடுத்தார். வழக்கில் பெரும்பகுதி கிளாடிட்ஸ் பக்கமே வென்றது. சில பகுதிகளை வெட்டச் சொன்னது நீதிமன்றம். அவர் வெட்ட மறுத்தார். படம் நெடுங்காலம் பெட்டியில் முடங்கிக் கிடந்தது. தன்னுரிமையோடு படமெடுப்போர் கொடுக்கும் விலை இதுவே. சைபோல்டும் ஸ்பிட்டாவும் நடந்த பாதையும் இத்தகையதே. மலர் தூவிய பாதையன்று.

பகையில்லாத படங்களும் உண்டு. எமிர் குஸ்துரிட்சாவின் ‘ஜிப்சிகளின் காலம்’ 1988-இல் வந்தது. டோனி காட்லிஃபின் ‘லாச்சோ ட்ரோம்’ 1993-இல் வந்தது. இராசத்தானத்தில் தொடங்கி ஸ்பெயின் வரை ரோமா இசையைப் பின்தொடர்ந்து செல்லும் படம் அது. அதன் அழகை நாம் மறுக்கவில்லை. காட்லிஃபும் ரோமா மரபில் வந்தவரே. ஆயினும், பாட்டைக் கேட்டுக் கைதட்டிவிட்டு எழுந்து செல்லும் உரிமையை அழகான படங்கள் பார்ப்போர்க்குத் தந்துவிடுகின்றன. ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், கவலையற்றவர்கள் என்று ஊரார் முன்னரே எண்ணிக்கொண்டிருப்பதை அவை அசைப்பதில்லை. சைபோல்ட் - ஸ்பிட்டா படங்களில் அந்தக் களிப்புக்கு இடமில்லை. நாற்காலியில் அமர்ந்த ஒருவர் பேசுகிறார். நாமும் அமர்ந்து கேட்டே ஆக வேண்டும்.

இனிக் குறைகளைச் சொல்வோம். நண்பர் படைப்பென்றால் குறை சொல்லாமல் விடுவது விமரிசனமாகாது. ‘தவறான சொல்’ சட்டத்தையும் அலுவலக முறையையும் அறிந்தவர்க்கே முற்றும் விளங்கும். ஜெர்மன் நாட்டு இழப்பீட்டுச் சட்டத்தின் நுட்பம் தெரியாத எளிய மக்கள், துயரத்தை உணர்வர். துயரத்தின் பொறி எப்படிச் சுழன்றது என்பதைத் தொடர்ந்து பிடிக்க அல்லற்படுவர். இரண்டாவது, இந்நான்கு படங்களும் ஜெர்மன் நாட்டுச் சின்டி மக்களோடு நின்றுவிடுகின்றன. யுகோஸ்லாவியா முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ரோமா மக்களும் அதே நகரங்களில், அதே ஏளனத்தின் நடுவே வாழ்ந்தனர். அவர்கள் குரலும் உடன் ஒலித்திருந்தால் வழக்கு இன்னும் வலுத்திருக்கும். மூன்றாவது, துயரத்தையே சொல்லும்போது, அம்மக்கள் நட்டு வளர்த்த வாழ்வு நிழலிலே நின்றுவிடுகிறது. பிடில் செய்தவர், வணிகம் செய்தவர், ஜெர்மன் படையிலேயே போர்வீரராய் நின்றவர் எல்லாரும் அவருள் உண்டு.

ஆனால், ஒரு குற்றச்சாட்டை மட்டும் நாம் ஏற்க மாட்டோம். ‘சைபோல்ட் சின்டிப் பெண்ணல்லர், அவர்க்கு இதிலே என்ன உரிமை?’ என்று கேட்போர் உண்டு. கேள்வி நேர்மையானதே. பிறருடைய துயரைத் தம் புகழுக்குப் படியாக்கிக்கொண்ட கலைஞர் பலர். ஆனால், சைபோல்ட் தம் பெயரோடு ஸ்பிட்டாவின் பெயரைத் துணைக்கு வைத்துக்கொள்ளவில்லை. படைப்பிலே பங்கு கொடுத்தார். மேலும், கொடுமை இழைத்தது எந்த இனமோ, அந்த இனத்தில் பிறந்தவர்க்குக் கடமை இல்லையா? ஏட்டைத் திறக்கும் பொறுப்பு ஏடு எழுதியவரின் பிள்ளைகளுக்கும் உண்டு. துயரைச் சொல்வது ஸ்பிட்டாவின் உரிமை. அதைக் கேட்கச் செய்வது சைபோல்டின் கடமை. உரிமையும் கடமையும் கைகோத்த இடத்தில் பிறந்தவை இப்படங்கள்.

சைபோல்டின் பிற்காலப் பணி இதை மெய்ப்பிக்கிறது. 1998-இல், மூனிச் நகரில் இட்லரை எதிர்த்து நின்றவர்களைக் கொண்டு ‘இல்லை’ என்னும் படம் எடுத்தார். 2008-இல், ‘வெள்ளை ரோஜா’ மாணவர் இயக்கத்தின் சாட்சிகளைக் கொண்டு ‘எதிர்த்து நின்றோர்’ என்னும் படத்தை அளித்தார். 2012-இல் அவர் மறைந்தபோது அதன் அடுத்த பகுதி முடியவில்லை. உலா ஸ்டோக்கல் என்னும் இயக்குநர் அதை முடித்து 2015-இல் வெளியிட்டார். வதைக்கப்பட்டோர், எதிர்த்தோர்: இவ்விரு வகையினரையும் தேடிச் சென்று, அவர்கள் வாய் மூடுமுன் பேச்சைப் பதிந்து வைப்பதே அவர் வாழ்நாட் பணி. ஸ்பிட்டாவுக்கு 1999-இல் ஓட்டோ பான்கோக் பரிசு வழங்கப்பட்டது. 2005-இல் அவர் மறைந்தார்.

பயன் விளைந்ததா என்று கேட்கலாம். 1982 மார்ச் 17-ஆம் நாள், தலைமை அமைச்சர் ஹெல்முட் ஷ்மிட், சின்டி, ரோமா மக்களுக்கு இழைக்கப்பட்டது இனக்கொலையே என்று ஒப்பினார். 2012 அக்டோபர் 24-ஆம் நாள், பெர்லினில் நாடாளுமன்றத்தின் அருகே நினைவிடம் திறக்கப்பட்டது. 1956-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எண்ணி வெட்கப்படத்தான் வேண்டும் என்று அந்நீதிமன்றத்தின் தலைவரே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து வெளிப்படையாகச் சொன்னார். இவையெல்லாம் படத்தால் மட்டும் வந்தவை என்று சொல்ல மாட்டோம். உண்ணாநோன்பு இருந்தவரும், ஆவணக் களரியில் அமர்ந்தவரும், பல்லாண்டு வழக்காடியவரும் வாங்கித் தந்தவை அவை. ஆயினும், சொல் மாறாமல் சட்டம் மாறுவதில்லை. சொல்லை மாற்றிய கைகளுள் இவ்விருவர் கைகளும் உண்டு.

மீண்டும் நம் வகுப்பறைக்கு வருவோம். பதிவேட்டிலே தவறான பெயர் எழுதப்பட்டிருந்தால், அச்சிறுவன் செய்யத்தக்கது ஒன்றுதான்: எழுந்து நின்று தன் பெயரைத் தானே சொல்வது. அவன் குரல் சிறியதாயிருக்கலாம். அருகில் இருப்பவன் எழுந்து, ‘அமைதி! அவன் பேசட்டும்’ என்று சொன்னால் வகுப்பு முழுவதும் கேட்கும். ஸ்பிட்டா எழுந்து நின்று பெயர் சொன்னார்; சைபோல்ட் அமைதி காக்கச் சொன்னார். ‘நாங்கள்’ என்று தொடங்கிய அப்பேச்சு, கேட்போர் நெஞ்சில் ‘நாம்’ என்று முடிய வேண்டும். அங்கே கொண்டு சேர்ப்பது படமெடுத்தவர் வேலையன்று. பார்க்கும் நம் வேலை.

கல்லூரிகளின் திரைப்படக் கழகங்களும் நூலகங்களும் இப்படங்களை வருவித்துத் திரையிடுவது நன்று. திரையிடும்போது ஒரு வேண்டுகோள்: அறிவிப்புப் பலகையில் ‘ஜிப்சிகளைப் பற்றிய படம்’ என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்ன சொல் அது.